இறப்பரை வசப்படுத்திய சாள்ஸ் குட்இயர்

இறப்பர் மரத்தின் பாலிலிருந்து செய்யப்பட்ட பொருட்கள் ஒரு காலத்திற் கோடையில் உருகி நாறின. கடுங்குளிரில் விறைத்து வெடித்தன. அத்தகைய பொருளைச் சில்லுக்கு ஏற்றதாக்கிய சாள்ஸ் குட்இயர், 1800ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிற் பிறந்தார்.

தந்தையாருடன் நடத்திய இரும்புப் பொருள் வணிகம் நொடித்துப் போயிற்று. 1834இல் நியூயோர்க் கடையொன்றில் இறப்பர் மிதவை ஒன்றைக் கண்ட பின்னர் அவருக்கு வேறு நினைவே இல்லை. கடனுக்காகப் பலமுறை சிறை சென்றார். அங்கும் மனைவி கிளரிசா கொணர்ந்த உருட்டுக்கட்டையால் இறப்பரைப் பிசைந்து சோதித்தார். பிள்ளைகளின் பாடநூல்களைக்கூட விற்றார் என்பர். ஆசிரியனாகிய எனக்கு இச்செய்தி இன்றும் கசக்கின்றது.

அரசுக்கென அவர் செய்த தபாற்பைகள் வெப்பத்தில் உருகிச் சிதைந்தன. 1839இல், கந்தகம் கலந்த இறப்பர்த் துண்டொன்று சூடான அடுப்பிற் பட்டது. அது உருகவில்லை, தோல்போலக் கருகியது. கருகிய பகுதியின் ஓரம் குளிரிலும் நெகிழ்வாகவே இருந்தது. இதனைத் தற்செயல் என்று பலர் எழுதுவர். ஐந்தாண்டுகள் அதனையே தேடி அலைந்தவரின் கண்ணிலன்றோ அத்தற்செயல் பட்டது! இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைப்பதே இதன் காரணம். இம்முறையை வல்கனைசுப்படுத்தல் என்பர்.

1844இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்திலோ தோமஸ் ஹன்கொக் முந்திக்கொண்டார். 1855இல் பரிசில் கடனுக்காகச் சிறையில் இருந்தபோதே பிரான்சின் உயர்விருது அவரை வந்தடைந்தது. 1860 யூலை 1ஆம் திகதி, ஏறத்தாழ இரண்டு இலட்சம் டொலர் கடனோடு காலமானார். 1898இல் அவர் பெயரைச் சூடித் தொடங்கிய ரயர் நிறுவனத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் எத்தொடர்பும் இல்லை.

வெப்பத்தையும் குளிரையும் வென்ற அவருடைய முறையும் முதுமையை வெல்லவில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் இறப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றன. ஓடாது கிடக்கும் மேலதிக ரயரும் இதற்கு விலக்கன்று. அகதியாக வந்து நான் முதன்முதல் வாங்கிய பழைய காரின் ரயர்களில் தவாளிப்பு ஆழமாக இருந்தது; புதியவை என மகிழ்ந்தேன். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளைக் காட்டி, அவற்றின் வயதை ஒரு திருத்துநர் சொன்ன போதுதான் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற நாட்களை எண்ணி நடுங்கினேன்.

பெற்றோரே, ஐரோப்பிய நாடுகளிற் சட்டம் கேட்கும் தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றர். வயதை அறியப் பக்கச்சுவரைப் பாருங்கள். அங்கே 2319 என நான்கு இலக்கங்கள் இருப்பின், அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் திருத்துநரிடம் காட்டுக. பத்தாண்டு கடந்ததை, தவாளிப்பு எவ்வளவு ஆழமாயினும், கழற்றிவிடுக. மாணவர்களே, அந்த நான்கு இலக்கங்களை இன்று வீடு திரும்புமுன் நீங்களே குனிந்து வாசித்து அப்பாவிடம் சொல்லுங்கள்.