படுக்கையில் கிடந்தவர்களைப் பந்தயத்தில் இறக்கிய டாக்டர்

போரில் குண்டு பட்டு முதுகெலும்பு முறிந்தால், அந்தச் சிப்பாயின் கதை அதோடு முடிந்தது என்று டாக்டர்களே நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு.

அந்த நினைப்பை ஒருவர் மாற்றிக் காட்டினார். சாகப் போகிறவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பிழைக்க வைத்தார். வேலை செய்ய வைத்தார். பந்தயத்திலும் இறக்கினார்!

அவர்தான் டாக்டர் லுட்விக் குட்மன்.

சுரங்கத் தொழிலாளி

குட்மன் 1899-ம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந் தேதி டோஸ்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் யூதர் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

1917-ம் ஆண்டு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. வாலிபரான குட்மன் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டராக வேலை பார்த்தார்.

ஒருநாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரை அங்கே தூக்கி வந்தார்கள். நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர். விபத்தில் முதுகெலும்பு முறிந்துவிட்டது. கால்கள் அசையவில்லை.

குட்மன் அவரைப் பற்றிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். எழுதுவது வீண் வேலை, இவர் சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று அவரைத் தடுத்துவிட்டார்கள்.

சொன்னபடியே ஐந்து வாரங்களில் அந்த இளைஞர் இறந்துபோனார். அவருடைய முகம் குட்மனின் மனதை விட்டு அகலவே இல்லை.

60 பேர் தப்பினர்

குட்மன் டாக்டருக்குப் படித்துத் தேறினார். பிரெஸ்லாவ் நகரில், புகழ்பெற்ற நரம்பு வைத்திய நிபுணர் ஒருவரிடம் தொழில் கற்றார். நல்ல பெயர் வாங்கினார்.

1933-ம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத டாக்டர்களை வேலையை விட்டு விரட்டினார்கள். குட்மனுக்கும் வேலை போயிற்று. அதே ஊரில் இருந்த யூதர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிறகு அதற்குத் தலைவர் ஆனார்.

1938-ம் ஆண்டு நவம்பர் மாதம் 9-ந் தேதி இரவு. நாஜிகள் யூதர்களின் கோவில்களுக்குத் தீ வைத்தார்கள். கடைகளை நொறுக்கினார்கள். ஆண்களைப் பிடித்துச் சித்ரவதை முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

கதவைத் தட்டும் யாரையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும்படி குட்மன் உத்தரவிட்டார். 64 பேர் ஆஸ்பத்திரிக்குள் வந்து படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ரகசியப் போலீசார் வந்துவிட்டார்கள்! குட்மன் கலங்கவில்லை. படுக்கை படுக்கையாக அவர்களை அழைத்துச் சென்றார். ஒவ்வொருவரும் ஏன் அங்கே இருக்கவேண்டும் என்று ஒரு காரணம் சொன்னார். 60 பேர் தப்பினார்கள்.

இனி அந்த நாட்டில் வாழ முடியாது என்று ஆகிவிட்டது. 1939-ம் ஆண்டு மார்ச் மாதம் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் குட்மன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இரண்டு மணிக்கு ஒரு முறை

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1944-ம் ஆண்டு, ஐரோப்பாவில் படைகளை இறக்க இங்கிலாந்தும் அதன் கூட்டாளிகளும் தயாராகி வந்தன. ஏராளமான வீரர்கள் காயம் அடைவார்கள் என்பது தெரிந்த விஷயம்.

எனவே, முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் தனி வைத்திய நிலையம் திறந்தார்கள். பிப்ரவரி மாதம் 1-ந் தேதி அது தொடங்கியது. பொறுப்பு குட்மனிடம் வந்தது.

இந்த நோயாளிகள் ஏன் இறந்தார்கள்? முறிந்த எலும்பு அவர்களைக் கொல்லவில்லை. முதுகுத் தண்டு அறுந்தால், அதற்குக் கீழே வலி தெரியாது. ஒரே பக்கமாகப் படுத்தே கிடந்தால் தோல் அழுகிப் புண்ணாகும். சிறுநீர்ப் பையிலும் கிருமி சேரும். அந்த விஷம் ரத்தத்தில் கலந்துதான் பலர் இறந்தார்கள்.

குட்மன் கண்ட வழி எளிமையானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். பகலிலும் அப்படித்தான். இரவிலும் அப்படித்தான். சரியாக நடக்கிறதா என்று நள்ளிரவிலும் வந்து பார்ப்பார்.

புண்கள் ஆறின. சாகவேண்டியவர்கள் பிழைத்தார்கள்!

வில்லும் அம்பும்

உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா? மூலையில் கிடந்து, யாராவது சோறு போடுவார்கள் என்று காத்திருப்பது வாழ்க்கை ஆகுமா? ஆகாது என்றார் குட்மன். தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்த்தல், டைப் அடித்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கச் செய்தார். மிகவும் கண்டிப்பானவர். ஆனாலும் நோயாளிகள் அவரை அப்பா என்றே செல்லமாக அழைத்தார்கள்.

பிறகு விளையாட்டைக் கொண்டுவந்தார். வில் வளைத்தால் தோளும் கையும் வலுப்படும். உட்கார்ந்தபடியே, காலுள்ளவனுக்குச் சமமாகப் போட்டி போடலாம். தன்னால் எதுவும் முடியாது என்று நினைத்தவனுக்கு, ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை பிறக்கும். அதுவே பெரிய மருந்து!

1948-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில்லில் குட்மன் வில் வித்தைப் போட்டி நடத்தினார். சக்கர நாற்காலியில் வந்த 16 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் பெண்கள்.

1952-ம் ஆண்டு ஹாலந்து நாட்டின் மாஜி வீரர்களும் வந்தார்கள். போட்டி சர்வதேசப் போட்டி ஆயிற்று. 1960-ம் ஆண்டு ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கலந்துகொண்டார்கள். அதுவே முதல் பாராலிம்பிக் போட்டி.

விரட்டிய நாட்டில்

1972-ம் ஆண்டு அந்தப் போட்டி மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹைடல்பர்க் நகரில் நடந்தது. எந்த நாடு குட்மனை விரட்டியதோ, அந்த மண்ணிலேயே அவர் தொடங்கிய போட்டி!

அங்கே நீச்சலில் தங்கப்பதக்கம் வென்றவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. அவர் முரளிகாந்த் பெட்கர். 1965-ம் ஆண்டு நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டு பட்ட ராணுவ வீரர். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

இங்கிலாந்து 1966-ம் ஆண்டு குட்மனுக்குச் சர் பட்டம் வழங்கியது. 1980-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, தமது 80-வது வயதில் அவர் காலமானார்.

அவர் காட்டிய வழி அழியவில்லை. காயம் அடைந்த ராணுவ வீரர்களுக்காக இன்விக்டஸ் என்ற சர்வதேசப் போட்டி 2014-ம் ஆண்டு லண்டனில் தொடங்கியது. 2024-ம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 4 ஆயிரத்துக்கும் அதிகமானோர் போட்டியிட்டார்கள். அந்தப் போட்டிக்கான தீபத்தை ஏற்றிய இடம், ஸ்டோக் மாண்டவில்!