திண்டிவனத்துக்கு கொஞ்ச நாள் தங்க வந்த பெண், வேலூரில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது எப்படி? யார் இந்த ஐடா ஸ்கடர்?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேராகக் கல்லூரிக்குப் போகாமல், ஒரு வருஷம் வெளிநாட்டில் தொண்டு செய்துவிட்டு வருவது ஐரோப்பிய இளைஞர்களிடம் இப்போது சர்வ சாதாரணம். ஜெர்மனி அரசு 2008-ல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டத்தில் அப்படி வருகிறவர்களை விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லில் பார்க்கலாம். பதினெட்டு, பத்தொன்பது வயசு. ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை நிறைய இருக்கும். கையில் தொழில் என்று ஒன்றும் இருக்காது.

ஆரோவில் என்ற பெயரே இல்லாத காலத்தில், அதன் பக்கத்து ஊரான திண்டிவனத்துக்கு அதே வயதில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்தார். ஆண்டு 1890.  தங்க அவர் வரவில்லை. உடம்பு சரியில்லாத அம்மாவைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். அந்தப் பெண்தான் பின்னாளில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு?

ஐடா சோபியா ஸ்கடர் பிறந்ததே ராணிப்பேட்டையில்தான், 1870 டிசம்பர் 9-ம் தேதி. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பி இலங்கைக்கு வந்த மருத்துவர். பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக ஆற்காடு மிஷனில் வேலை செய்தார்கள். ஐடாவின் அப்பாவும் அதே மிஷனில் டாக்டர். ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் பிள்ளை ஐடா.

தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவருக்கு ஆறேழு வயது. பசியோடு வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலை இந்தச் சிறுமிக்கு. எழுந்து வந்து வாங்கக்கூட முடியாத பிள்ளைகளை அந்த வயதில் அவர் பார்த்தார். இந்தியா வேண்டவே வேண்டாம் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. அப்பா மறுபடி இந்தியா திரும்ப, அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார். ஐடா சிகாகோவில் சித்தப்பா, பெரியப்பா வீட்டாரின் பொறுப்பில் வளர்ந்தார். பதின்ம வயதில் இப்படி விட்டுவிட்டுப் போனது அவருக்குப் பெரிய காயம். மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் சேர்ந்தபோது அவர் கலகலப்பான, குறும்புக்காரப் பெண். அமெரிக்காவிலேயே படித்து, அங்கேயே ஒரு நல்ல வாழ்க்கை. இதுதான் கனவு. ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாம் இந்தியாவுக்குத்தான் போவார்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு உடல்நிலை மோசம், உடனே வா என்று தகவல் வந்தது.

திண்டிவனத்தில் அப்போது என்ன நிலைமை?

அன்றைய தென்னாற்காடு மாவட்டம் ரொம்பப் பெரியது. திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் அதில் இரண்டு தாலுகாக்கள். கடலூர்தான் தலைநகர். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது, அதிலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஐடா வந்த காலத்தில் கடற்கரையிலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரை எல்லாம் ஒரே மாவட்டம்.

பெண் மருத்துவர்களே இல்லாத காலம் என்று சொல்லிவிட முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் டாக்டரிடம் போகாத பெண்களுக்காக 1885-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆனால் எல்லாமே சென்னையில். திண்டிவனத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் சிக்கல் என்றால் ஊர் மருத்துவச்சிதான் கதி. அவரால் முடியாத கட்டம் வந்தால், அதற்கு மேல் கதவே கிடையாது.

அந்த ஓர் இரவில் என்ன நடந்தது?

இதை ஐடாவே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எழுதியவர்களைப் பொறுத்துச் சின்னச் சின்ன விவரங்கள் மாறும், நடந்தது மாறாது.

திண்டிவனம் பங்களாவில் ராத்திரி படித்துக்கொண்டிருந்த ஐடாவின் அறைக் கதவை ஒரு பிராமண இளைஞர் தட்டினார். அவருடைய மனைவி, கிட்டத்தட்ட சிறுமி, பிரசவ வலியில் துடிக்கிறாள். மருத்துவச்சியால் முடியவில்லை. ஐடா வர வேண்டும் என்று கேட்டார். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவர் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள், வேண்டுமானால் நானும் கூட வருகிறேன் என்று சொன்னார். வந்தவர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் முகம் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அதைவிட அவள் சாவதே மேல் என்ற முடிவோடு அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு காலடிச் சத்தம். இந்த முறை ஒரு முஸ்லிம். அதே வலி, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் இன்னொரு உயர்சாதி இந்து. அவரும் அப்படியேதான் திரும்பினார்.

விடிந்ததும் பறைச் சத்தம் கேட்டது. விசாரித்து வர வேலையாளை அனுப்பினார் ஐடா. மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றிரவு ஐடா போகத் தயாராக இருந்தார். மனசு இருந்தது, தைரியமும் இருந்தது. பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம் என்பதால் மக்களும் புதிதில்லை. இல்லாதது கைத்தொழில் ஒன்றுதான். அவர் போயிருந்தாலும் அந்த மூன்று பேரையும் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த வீடுகளுக்குள் போகக்கூடியவருக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவம் தெரிந்தவருக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை.

அறைக்குள் போய் நீண்ட நேரம் யோசித்த ஐடா, அம்மா அப்பாவிடம் வந்து தன் முடிவைச் சொன்னார். அமெரிக்கா திரும்புகிறேன், டாக்டராகி இங்கேயே வருகிறேன் என்பதுதான் அது.

திரும்பி வர எத்தனை வருஷம் ஆனது?

1895-ல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் புதிதாக மருத்துவக் கல்லூரி திறந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது, கடைசி வருஷத்தை அங்கே படித்து 1899-ல் பட்டம் பெற்றார்.

ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு வேலை வந்தது. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்ட வேண்டும். நேரமோ சில நாட்கள்தான். ஒரு வீட்டில் நன்கொடை கேட்டு அவர் பேசிக்கொண்டிருந்ததை, பக்கத்து அறையிலிருந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி அழைத்து விசாரித்தவர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அப்பாவிடம் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்து கற்றுக்கொள்ளலாம் என்பது எண்ணம். சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயில் இறந்துவிட்டார்.

தனியாக நின்ற இளம் டாக்டர், வேலூர் பங்களாவில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையை ஆரம்பித்தார். முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்தான் அவருக்குக் கிடைத்த முதல் செவிலி. மெல்ல மெல்லக் கூட்டம் வர, இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறந்தது.

மரத்தடி மருத்துவம்

ஆஸ்பத்திரி வந்துவிட்டால் போதுமா? ஊரிலிருந்து வேலூருக்கு வண்டி கட்டிக்கொண்டு வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஐடாவே கிளம்பிப் போனார். வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் பயணம். வழியில் குறிப்பிட்ட மரங்களின் நிழலில் வண்டி நிற்கும், அங்கே ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, பிடுங்க வேண்டிய பல், எல்லாம் அந்த மரத்தடியில்தான். முதலில் மாட்டுவண்டி. 1909-ல் ஒற்றை சிலிண்டர் பியூஜோ கார் வந்தது. அதன் சத்தத்தைக் கேட்டு வழியில் ஜனங்கள் ஓடினார்களாம்.

ஆனால் எவ்வளவு ஓடினாலும் ஓர் ஆள் ஓர் ஆள்தான். இதை ஐடா சீக்கிரமே புரிந்துகொண்டார். திண்டிவனத்தில் மூன்று வீட்டுக் கதவு என்றால், மாகாணம் முழுக்க எத்தனை? அமெரிக்காவிலிருந்து இன்னும் பத்து டாக்டரம்மாக்களைக் கூட்டி வந்தாலும் கணக்கு தீராது. இந்த ஊர்ப் பெண்களே டாக்டராக வேண்டும். 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியவர், அடுத்து மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கேட்டார்.

பெண்கள் படிக்க வருவார்களா?

மதராஸ் அரசின் தலைமை மருத்துவ அதிகாரிக்கு நம்பிக்கையே இல்லை. மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்பது அவர் கணிப்பு. 1918 ஆகஸ்ட் 12-ல் பள்ளி தொடங்கியபோது 17 மாணவிகள் சேர்ந்தார்கள். இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதைவிட அதிகம்.

கட்டடம் சரியாக இல்லை. ஆசிரியர்கள் இல்லை. உடற்கூறியலை ஐடாவே பாடம் எடுத்தார். நான்கு வருஷம் கழித்து 14 பேர் கடைசித் தேர்வுக்குப் போனார்கள். ஆண்களிலேயே பெரும்பாலோர் தோற்கும் தேர்வு அது, உங்கள் பெண்களிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் என்று அதே அதிகாரி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். 14 பேரும் பாஸ்.

எழுபது வயதில் வந்த சோதனை

1930-களின் கடைசியில் விதிமுறை மாறியது. எல்எம்பி டிப்ளமோ கொடுத்த பள்ளிகள் எம்பிபிஎஸ் கல்லூரியாக உயர வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். கூடுதல் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வகங்கள் எல்லாம் தேவை. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் கேட்டார்.

அங்கே ஒரு சிக்கல் கிளம்பியது. பல மிஷன்களின் உதவி வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்காகவே காலம் முழுக்க நிதி திரட்டிக் கொடுத்த பழைய தோழிகளுக்கு இது துரோகமாகத் தெரிந்தது. கல்லூரி பிழைக்க வேண்டும் என்று ஐடா ஆண்கள் சேர்க்கைக்குச் சம்மதித்தார். சில நட்புகள் அதோடு முறிந்தன. அவர் எடுத்த முடிவு சரியா என்று அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருந்திருக்கும். பெண்களுக்கென்று தொடங்கிய ஓர் இடத்தை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் இல்லையே. 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற ஐடாவின் பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸிடம் போனது. அவர் விசாகப்பட்டினத்துப் பெண்.

கல்வராயன் மலை இப்போது எங்கே நிற்கிறது?

ஐடாவின் வண்டி வேலூர்ப் பக்கத்துச் சாலைகளில்தான் ஓடியது, கள்ளக்குறிச்சிப் பக்கம் இல்லை. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் கூலி இல்லாமல் உழைத்த காலம் அது. அங்கே ஆஸ்பத்திரியைப் பற்றி யார் பேசுவது?

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். திண்டிவனத்து இரவுக்குப் பிறகு நூற்று முப்பது வருஷம் ஆகியிருந்தது. இன்று அந்த வகுப்பறைகளில் பெண்கள் உட்காருவதை யாரும் செய்தியாகப் பார்ப்பதில்லை. ஆனால் மலைமேல் சில கிராமங்களுக்கு இன்னும் ஒழுங்கான சாலை இல்லை. கர்ப்பிணிகளைத் தொட்டிலில் சுமந்து இறக்குவது இப்போதும் செய்தியாக வருகிறது. 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தபோது, சாலையும் மருத்துவமும்தான் பெரிய கேள்விகளாக நின்றன.

வெளிநாட்டுத் தொண்டர் திட்டங்களின் கதையும் ஐடாவின் வழியில்தான் போனது. 1958-ல் பிரிட்டனில் தொடங்கிய விஎஸ்ஓ அமைப்பு, முதலில் பதினெட்டு வயதுப் பள்ளி மாணவர்களைத்தான் ஒரு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்பியது. போகிற ஊர்கள் கேட்டது செவிலியரையும் ஆசிரியரையும் பொறியாளரையும். பிறகு பட்டதாரிகளை அனுப்பினார்கள், அதன் பிறகு தொழில் அனுபவம் உள்ளவர்களை.

ஐடா ஸ்கடர் 1960 மே மாதம் கொடைக்கானலில், 89-வது வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது கடைகள் அடைத்திருந்தன, தெரு முழுக்க ஜனங்கள். குடியாத்தம் சாலை மரத்தடியில் கைக்குழந்தையாக அவரிடம் மருந்து வாங்கியவர்கள் அப்போது ஐம்பது வயதைத் தொட்டிருப்பார்கள்.