கடலைத் தணிக்கை செய்த கணக்கு அதிகாரி

மேக்ரி சர்க்கிள் வழியாக பஸ்ஸில் போகும் நம்மவர்கள் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் மரங்களைப் பார்த்திருப்பார்கள். பெயரும் தெரியும், நோபல் பரிசும் தெரியும். ஆனால் ஸர் சி.வி. ராமன் முதலில் நம்மைப் போல ஆபீசுக்குப் போய் பைல் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1888 நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை. பையனின் பள்ளிப்படிப்பும் அங்கேதான். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1907-ல், 18 வயதில், நிதி இலாகா பரீட்சையில் தேறி உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா போனார். அங்கே டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு விஞ்ஞான சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஆபீசுக்கு முன்னும் பின்னும் அந்தச் சங்கமே கதி. நடுவில் ரங்கூன், நாகபுரி என்று மாற்றல் வேறு. மாற்றல் உத்தரவு அவரையும் விட்டு வைக்கவில்லை! 1917-ல், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வேலையை விட்டுக் கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆனார்.

1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவில்லை. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். அவரும் நோபல் பரிசு பெற்ற மேதை. ராமன் வாதம் செய்யவில்லை, சோதித்துப் பார்த்தார். கையோடு கொண்டுபோன ஒரு சிறு பட்டகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிடும். ராலே சொன்னது சரியானால் நீலமும் மறைய வேண்டும். மறையவில்லை, இன்னும் அழுத்தமாகவே தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். எங்கள் ஆபீசுக்குத் தணிக்கைக்கு வருகிறவரும் அப்படித்தான். கையெழுத்து எவ்வளவு பெரிய அதிகாரியுடையதானாலும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுவார்.

தம்முடைய கணக்கையும் அவர் அதே கண்டிப்போடுதான் பார்த்தார். 1923-ல் அவரது மாணவர் கே.ஆர். ராமநாதன், திரவங்களில் சிதறும் ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான சுவடு கலந்திருப்பதைக் கண்டார். அழுக்கின் வேலையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தார்கள். சுவடு போகவில்லை. 1928-ல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்துகொண்டார். சூரிய ஒளியை நீலக் கண்ணாடி வழியாகத் திரவத்தில் செலுத்தி, நீலத்தை அடியோடு தடுக்கும் இன்னொரு கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் பார்த்தார்கள். நிறம் மாறாவிட்டால் இருட்டுதான் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரிந்தது! ஒரு திரவத்தோடு விடாமல் சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். பிப்ரவரி 28-ந் தேதி நிறமாலைமானியிலும் புதிய நிறம் தனியாகப் பிரிந்து தெரிந்தது.

மார்ச் 16-ந் தேதி அதை விளக்கிப் பேசிய இடம் நம்முடைய பெங்களூர்தான், தென்னிந்திய விஞ்ஞான சங்கக் கூட்டத்தில். முறையை வெளிப்படையாக எழுதிவிட்டதால், ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் முன்பின் தெரியாதவர்கள் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே விடை. 1930-ல் நோபல் பரிசு வந்தது.

1933-ல் டாட்டா இன்ஸ்டிடியூட்டின் டைரக்டராக பெங்களூர் வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். நிர்வாகத்தில் தகராறு ஏற்பட்டு 1937-ல் பதவி போயிற்று. பேராசிரியராக 1948 வரை நீடித்தார். பிறகு சொந்தமாக ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிட்லரின் ஆட்சியில் வேலை இழந்த மாக்ஸ் பார்ன் என்ற மேதையை 1935-ல் பெங்களூருக்கு வரவழைத்தவர் ராமன்தான். பின்னாளில் படிகங்களுக்குள் அணுக்கள் அதிரும் விதம் பற்றி பார்னின் கொள்கை தவறு என்று அவரோடேயே மோதினார். வருஷக்கணக்கில் நடந்த சண்டை அது. கடைசியில் நியூட்ரான் கதிர்களைக் கொண்டு அளந்தபோது பார்ன் பக்கமே தீர்ப்பாயிற்று. ராமனின் புகழும் நோபல் பரிசும் அங்கே செல்லுபடியாகவில்லை. ராலேயின் பெயர் கப்பலில் செல்லாத மாதிரியேதான்.

1970 நவம்பர் 21-ந் தேதி காலமானார். அவர் விருப்பப்படி கழகத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் கல்லறை கிடையாது. ஒரு மரம் நிற்கிறது.