புடவை மூட்டையுடன் வந்த தலைவர்

அது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம். புடவை மூட்டையுடன் ஒருவர் உள்ளே நுழைந்தார். வெளியாருக்கு அங்கே அனுமதி இல்லை. புடவை வியாபாரிக்கு மட்டும் தடை கிடையாது. ஆனால், அவர் வந்தது வியாபாரத்துக்கு அல்ல. தொழிலாளர் படும் பாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு!

அவர்தான் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் 1887-ல் பிறந்தவர். பிறகு இலங்கையிலேயே தங்கி, "தேசநேசன்" பத்திரிகையின் ஆசிரியர் ஆனார்.

கைமாறிய மனிதர்கள்

தமிழ்நாட்டில் இருந்து வந்த தொழிலாளி, வந்த நாளிலேயே கடனாளி. வழிச்செலவும் முன்பணமும் அவன் தலையில் ஏறின. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். கடனை அடைக்கும் தோட்டம் அவனைக் கொண்டு போகலாம். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை!

1921-ல் துண்டு முறையும் சிறைத் தண்டனையும் சட்டப்படி ஒழிந்தன. 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இது போதாது என்று சட்டசபை உறுப்பினரான நடேசய்யர் வாதாடினார்.

ஏட்டில் இருந்த சட்டம்

சட்டம் வந்தது. அது லயத்துக்குள் வரவில்லை! சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளிக்குத் தமிழே படிக்கத் தெரியாது. துரையும் கங்காணியும் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம். கூலியைப் பிடித்தாலும் ஏன் என்று கேட்க அவனுக்குத் தெரியவில்லை.

நடேசய்யர் எளிய தமிழில் சிறு நூல்கள் எழுதினார். ஊர் ஊராகப் பேசினார். 1931-ல் அட்டனைத் தலைமை இடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்.

பாடிய மனைவி

மனைவி மீனாட்சி அம்மாளும் உடன் உழைத்தார். கூட்டங்களில், தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாகப் பாடினார். எழுத்து அறியாதவர்களும் கேட்டுப் புரிந்துகொண்டனர்.

1936-ல் நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947-ல் காலமானார்.

அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அந்த உரிமையை முழுதாக மீட்கப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. உரிமையைக் கேட்டு வாங்கலாம் என்று அவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர், அன்று புடவை மூட்டையுடன் வந்த அந்த மனிதர்.