வாங் மாங்கின் நாணயம்

சீனத்தின் ஹான் பேரரசை இடையில் முறித்து, கி.பி. 9 முதல் 23 வரை 'புதியது' என்று பொருள்படும் சின் மரபின் ஒரே பேரரசராக ஆண்டவர் வாங் மாங். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள், அவரை வீழ்த்தி மீண்டெழுந்த ஹான் அரசின் அறிஞர்கள். ஆதலால் அவர்தம் வசைகளைச் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும்.

பேரரசியின் உடன்பிறந்தார் மகனான அவர் இளமையில் தந்தையை இழந்தார். பகட்டில் திளைத்த தாயாதியரிடையே எளிமையாக வாழ்ந்து கன்ஃபூசிய நூல்களைக் கற்றார். அடிமை ஒருவரைக் கொன்ற தம் மகனைத் தற்கொலை செய்துகொள்ளப் பணித்தவர் அவர். அவர் அமைச்சராயிருந்த கி.பி. 2-இல் ஹுவாங்சி என்னும் தொலைநாட்டிலிருந்து காண்டாமிருகம் ஒன்று சீன அரசவைக்கு வந்தது. அந்நாடு நம் காஞ்சியே என்பது அறிஞர் சிலரின் கருத்து.

அரியணையேறியதும் நிலமனைத்தும் அரசனுடையது என அறிவித்தார். நிலத்தையும் அடிமைகளையும் விற்கத் தடை விதித்தார். மிகுதியான நிலத்தை உறவினருக்கும் அயலாருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது ஆணை. நிலமுடையோரின் எதிர்ப்பால் கி.பி. 12-இலேயே அது கைவிடப்பட்டது. இடுகாட்டுச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் அளித்ததும் அவர் அரசே.

அவரைச் சாய்த்தது, என் கணிப்பில், நிலமன்று, காசு. பொன், வெள்ளி, ஆமையோடு, சோழி, செம்பு என 28 வகைப் பணத்தைப் புழக்கத்தில் விட்டார். மாற்று விகிதம் வணிகருக்கே விளங்கவில்லை. மக்கள் பழைய காசையே மறைவாகக் கையாண்டனர். அதை வைத்திருந்தோர் எல்லைப்புறத்துக்கு நாடுகடத்தப்பட்டனர். ஒருவர் கள்ளக்காசு வார்த்தால் ஐந்து குடும்பங்கள் அரசின் அடிமைகளாயின. அடிமை வணிகத்தைத் தடுத்தவரின் ஆட்சியில்தான் இது நிகழ்ந்தது!

இதற்கிடையே மஞ்சளாறு கரையுடைத்துத் தடம் மாறியது. உடைப்பை அவர் அடைக்கவில்லை. புதிய போக்கால் தம் முன்னோர் கல்லறைகள் வெள்ளத்துக்குத் தப்பின என்பதே காரணம் என்று ஹான் வரலாறு பதிவுசெய்கிறது. வயலிழந்தோர் கிளர்ச்சியாளராயினர். புருவங்களில் செஞ்சாயம் பூசிய உழவர் படையொன்று கிழக்கே பரவியது.

கி.பி. 23-இல் வேறொரு கிளர்ச்சிப் படை தலைநகர் சாங்கானுக்குள் புகுந்து, அரண்மனையிலேயே அவரை வெட்டிக் கொன்றது. அவர் கி.பி. 14-இல் வெளியிட்ட எளிய செப்புக்காசு மட்டும் மக்களிடம் நிலைத்தது. அவரை வீழ்த்தியவர்களின் ஆட்சியிலும் பல ஆண்டுகள் அதுவே புழங்கியது.