பள்ளியில் அழுத சிறுமலர்

புனிதர்கள் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது பீடத்தின் மேலுள்ள சுரூபந்தான். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்தபடி புன்னகை பூத்து நிற்கும் சிறுமலர் தெரேசம்மாளின் சுரூபத்தைக் காணாத மாணவி நம்முள் ஒருத்தியும் இராள். ஆனால் அந்தப் புன்னகை அவருக்குப் பிறப்பிலேயே அமைந்ததன்று. நம்மைப் போலவே பள்ளிக்குச் சென்று, அங்கே ஒரு பெரிய பெண்ணின் தொல்லைக்கு ஆளாகி, ஒருவரிடமும் வாய் திறவாமல் அழுத சிறுமிதான் அவர். அந்த அழுகை எவ்வாறு புன்னகையாயிற்று என்பதை அவருடைய வாழ்க்கையே நமக்குச் சொல்லும்.

தெரேசா 1873 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2 ஆம் நாள் பிரான்சு நாட்டில் அலென்சோன் என்னும் ஊரில் பிறந்தாள். தந்தை லூயி மார்த்தேன் கடிகாரத் தொழில் செய்தவர். தாயார் செலி அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்த லேஸ் பின்னல் வேலையைத் திறம்பட நடத்தியவர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளுள் நால்வர் இளமையிலேயே இறந்தனர். எஞ்சியவர் மரி, பவுலின், லெயோனி, செலின், கடைக்குட்டி தெரேசா ஆகிய ஐவருமே.

பக்தியும் பாசமும் நிறைந்த இந்த வீட்டிலும் ஒரு மறைவான துயரம் இருந்தது. மூன்றாமவளாகிய லெயோனி அடங்காப் பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தாள். அவளுடைய பெரியம்மா கன்னியாக இருந்த மடத்துப் பள்ளிகூட அவளை வீட்டிற்குத் திருப்பி அனுப்பிவிட்டது. தாயார் நயந்து சொன்னார், கண்டித்தும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. 1877 ஆம் ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது. வீட்டுப் பணிப்பெண் யாரும் அறியாதபடி லெயோனியை மிரட்டி, தன் சொல்லுக்கு மட்டுமே அடங்கும்படி ஆட்டிப் படைத்து வந்தாள். மூத்தவள் மரி இதைக் கண்டறிந்து தாயாரிடம் கூறினாள். தாயார் அந்தப் பிடியிலிருந்து மகளை விடுவித்துத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். அடங்காதவள் எனப்பட்ட லெயோனி தாயின் நிழலை விட்டு அகலாத மகளானாள். அடம் என்று நாம் நினைப்பதன் அடியில் அச்சம் ஒளிந்திருக்கக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மார்பகப் புற்றுநோயால் வாடிய தாயார் அதே ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். தெரேசாவுக்கு அப்பொழுது நான்கரை வயது. துள்ளித் திரிந்த குழந்தை அன்று முதல் கூச்சமுடையவளாய், தொட்டால் வாடும் மலராய் மாறினாள். தாய்மாமன் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. தெரேசா தன் இரண்டாம் அக்காள் பவுலினைத் தாயாக வரித்துக்கொண்டாள்.

1881 ஆம் ஆண்டு அக்டோபரில், எட்டரை வயதில், லிசியேயில் பெனடிக்டின் சபைக் கன்னியர் நடத்திய மடத்துப் பள்ளியில் அவள் சேர்ந்தாள். காலையில் சென்று மாலையில் வீடு திரும்புவாள். வீட்டில் அக்காள்மார் நன்கு கற்பித்திருந்தமையால், தன்னைவிட மூத்த பிள்ளைகள் பயிலும் வகுப்பிலே அவளை அமர்த்தினார்கள். கணக்கும் எழுத்துப் பிழையும் சற்றுத் தொல்லை கொடுத்தாலும் வரலாற்றிலும் ஞானோபதேசத்திலும் அவளை விஞ்சுவார் இல்லை. ஞானோபதேசம் கற்பித்த குருவானவர் அவளைத் தம் குட்டி மறைவல்லுநர் என்றே அழைத்து வந்தார். பெரும்பாலும் வகுப்பில் முதலிடம் அவளுக்கே கிடைத்தது. கன்னியர்களும் அவள்மீது அன்பைப் பொழிந்தார்கள்.

தொல்லையும் அங்கேதான் முளைத்தது. அவ்வகுப்பில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். படிப்பில் பின்தங்கியவள், ஆனால் மற்றப் பிள்ளைகளை மட்டுமன்றி ஆசிரியைகளையும் தன் சொல்லுக்கு இசைய வைக்கத் தெரிந்தவள். தன்னைவிடச் சிறியவள் ஒருத்தி முதலிடம் பெறுவதை அவளால் பொறுக்க முடியவில்லை. தெரேசா பெற்ற ஒவ்வொரு சிறு வெற்றிக்கும் ஆயிரம் விதமாகப் பழி தீர்த்துக்கொண்டாள்.

எதிர்த்து நிற்கத் தெரியாத தெரேசா அழுதாள். விளையாட்டு நேரத்தில் ஓடியாடும் கூட்டத்தில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. மரத்தடியில் ஒதுங்கி நிற்பாள். மரங்களின் கீழ் இறந்து கிடக்கும் சிறு பறவைகளை எடுத்து அடக்கம் செய்வாள். கதை சொல்வதில் வல்லவளாதலால் சில நாள் பெரிய பிள்ளைகளும் அவளைச் சூழ்ந்து நின்று கேட்டனர். ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடவேண்டும் என்று கருதிய ஆசிரியை அதையும் நிறுத்திவிட்டார்.

மாலையில் வீடு வந்ததும் தந்தையின் மடியில் ஏறி, அன்று பெற்ற மதிப்பெண்களைச் சொல்வாள். தந்தை மகிழ்ந்து ஒரு சிறு வெள்ளிக் காசு கொடுப்பார். ஏழைகளுக்கென்று வைத்திருந்த உண்டியலில் அதைப் போட்டுவிடுவாள். மதிப்பெண்களைச் சொன்ன அந்த வாய், மனத்தின் புண்ணை மட்டும் சொல்லவில்லை. தாயாக வரித்த பவுலினிடங்கூடச் சொல்லவில்லை. அன்பே உருவான வீடு. ஆயினும் மகள் படும் பாடு அவர்களுக்குத் தெரியாது! பள்ளியில் கழித்த ஐந்து ஆண்டுகளே தம் வாழ்வில் மிகத் துயரமானவை என்று பின்னாளில் அவர் எழுதி வைத்தார்.

1882 இல் பவுலின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு தெரேசா கடும் நோயில் விழுந்து, தேவமாதாவின் அருளால் எழுந்தாள். 1884 மே 8 ஆம் நாள் புதுநன்மை வாங்கினாள். உடன் பயின்ற அக்காள் செலின் படிப்பை முடித்து நின்றதும், தனித்துவிடப்பட்ட தெரேசாவை ஓயாத தலைவலி வாட்டியது. 1886 இன் தொடக்கத்தில் தந்தை அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தனியே பாடம் கற்க ஏற்பாடு செய்தார்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் மாற்றம் வந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பியபொழுது, களைப்பினால் தந்தை சொன்ன ஒரு சலிப்புச் சொல் அவள் காதில் விழுந்தது. முன்னைய தெரேசாவாக இருந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அன்றோ கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கி வந்து, ஏதும் நடவாதது போலத் தன் பரிசுகளை எடுத்துக் காட்டி, தந்தையைச் சிரிக்க வைத்தாள். தன் மனத்தை நினைந்து அழுதவள், பிறர் மனத்தை நினைக்கத் தொடங்கிய நாள் அதுவே.

1888 ஏப்ரல் 9 ஆம் நாள், பதினைந்து வயதில், லிசியேயின் கார்மேல் மடத்தில் நுழைந்தார். மடத்திலும் மனிதர்கள்தாமே இருப்பார்கள்? வாதநோயால் முடங்கிய முதிய சகோதரி ஒருவரை மாலைதோறும் உணவறைக்கு அழைத்துச் செல்லும் வேலையைத் தாமே கேட்டுப் பெற்றார். வேகமாக நடந்தாலும் குறை, மெதுவாக நடந்தாலும் குறை! தெரேசா முகம் சுளிக்கவில்லை. அந்த முதியவரின் கைகள் ரொட்டியைத் துண்டு செய்ய வருந்துவதைக் கண்டு, கேளாமலே அதையும் செய்து கொடுத்து, ஒரு புன்னகையும் தந்து செல்வார். அந்தச் சிறு உதவியே முதியவரின் மனத்தை வென்றது.

வேறொரு சகோதரியின் பேச்சு, நடை, பழக்கம் எதுவுமே தெரேசாவுக்குப் பிடிப்பதில்லை. அவரைக் காணும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொண்டார். இயன்ற உதவிகளைச் செய்தார். கடுஞ்சொல் நாவின் நுனிவரை வந்தால் புன்னகையோடு பேச்சை மாற்றினார். அதுவும் முடியாதபோது அவ்விடம் விட்டே ஓடிவிட்டார். போர்க்களத்தில் புறங்காட்டும் வீரனைப் போல ஓடியதாகத் தம்மையே கேலி செய்துகொண்டார். கடைசியில் அந்தச் சகோதரி, தன்னிடம் எதைக் கண்டு இவ்வளவு பிரியம் கொள்கிறீர் என்று வியந்து கேட்டாராம்! 1896 இல், கோபத்திற்கு அஞ்சி எல்லாரும் விலகி நின்ற இன்னொரு சகோதரிக்குத் துணியறையில் துணையாக இருக்கத் தாமே முன்வந்தார். கோபக்காரரின் உள்ளமும் ஒரு நோயாளிதான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மடத் தலைவியாயிருந்த அக்காள் பவுலினின் கட்டளைப்படி 1895 இல் தம் இளமை நினைவுகளை எழுதத் தொடங்கினார். பள்ளியில் தம்மை வாட்டிய பெண்ணைப் பற்றியும் எழுதினார். ஆனால் அவள் பெயரை எழுதவில்லை. அவளுடைய பொறாமை ஒரு பள்ளிப் பிள்ளைக்கு மன்னிக்கத் தக்கதே என்று அவளுக்காகப் பரிந்தும் பேசினார்.

காசநோயால் 1897 செப்டம்பர் 30 ஆம் நாள், இருபத்து நான்கு வயதில் மறைந்தார். 1925 இல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1997 இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். ஞானோபதேச வகுப்பில் வழங்கிய செல்லப் பெயர் மெய்யாயிற்று. அவருடைய பெற்றோரும் 2015 இல் புனிதர்களாயினர்.

அன்புத் தங்கையரே, அன்பு என்பது வாய்மூடி அழுவதன்று. ஒருத்தி உங்களைத் துன்புறுத்தினால் அம்மாவிடமோ ஆசிரியையிடமோ அன்றே சொல்லுங்கள். சொல்வது கோள் அன்று. சொன்ன பிறகு அவளை வெறுக்காதீர்கள்; அவளுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். கணக்கில் தடுமாறுகிறாளா, கற்றுக்கொடுங்கள். தனியே உண்கிறாளா, அருகில் அமருங்கள். பெரிய வகுப்பு அக்காள்மாரே, உங்கள் சொல்லுக்கு நான்கு பேர் அடங்குகிறார்கள் என்றால், அந்த வல்லமையைச் சிறியவளைக் காக்கப் பயன்படுத்துங்கள்.

பெற்றோரே, ஆசிரியைகளே! மாலையில் வீடு திரும்பும் மகளிடம் மதிப்பெண் எத்தனை என்று கேட்குமுன், இன்று யாருடன் விளையாடினாய் என்று கேளுங்கள். மரத்தடியில் தனித்து நிற்கும் சிறுமியைப் பார்த்தால் அருகே செல்லுங்கள். அவள் சொல்லாமல் சுமக்கும் துயரத்தை நம்மில் ஒருவரேனும் கேட்டறிய வேண்டாமா?