நரசிங்க முனையரைய நாயனார்

திருமுனைப்பாடி நாட்டரசராகிய நரசிங்க முனையரையர், இற்றைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூர் வீதியில் தேருருட்டி விளையாடிய நம்பியாரூரரைக் கண்டு, சடையனாரிடம் வேண்டிப் பெற்று, மகன்மை கொண்டு வளர்த்த பெருந்தகையார்.

திருவாதிரைதோறும் சிவபூசை செய்து, வந்த அடியார் ஒவ்வொருவர்க்கும் 100 பொன்னுக்குக் குறையாது ஈந்து, திருவமுது செய்வித்தல் அவர்தம் நியமம். ஒருநாள், காமக்குறி விளங்கிய மேனியில் திருநீறணிந்து ஒருவர் வந்தனர். அருகிருந்தோர் இகழ்ந்து ஒதுங்கினர். அரசரோ எதிர்சென்று வணங்கி, 200 பொன் அளித்து, இன்மொழி கூறி விடைகொடுத்தனர். நீறணிந்தாரை உலகம் இகழ்ந்து நரகெய்தலாகாது என்பதே அவர் திருவுள்ளமெனச் சேக்கிழார் உணர்த்துவர்.

சீலமிலார்க்கு ஈதல் தீயொழுக்கத்தை வளர்க்குமன்றோ எனின், அற்றன்று. வினை செய்தவனையே சாரும். அதனை நுகர்விப்பவன் இறைவன். அத்தொழிலை ஈவோன் மேற்கொள்ளின் ஈகை இகழ்ச்சியாய் முடியும். அரசர் வணங்கியது திருவேடத்தையே.